‘கிராஃபீன் பேட்டரி’ ஸ்கூட்டர் வாங்கலாமா? பென்சில் கரியும் முட்டை அட்டையும் சொல்லும் பதில்!

எருமப்பட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று ஓடிக்கொண்டிருப்பவர். அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பண்ணைக்கும் கடைக்கும் போய்வர அம்மாவுக்கு ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவாகிறது. லோடு இறக்கிவிட்டு அப்பா ஊருக்கு வந்த ஒரு நாளில் மூவரும் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள். ஒன்றில் ‘லித்தியம் பேட்டரி’ என்று ஸ்டிக்கர். இன்னொன்றில் ‘கிராஃபீன் பேட்டரி’. இரண்டாவது வண்டி விலை குறைவு.

மகளுக்குக் குழப்பம். “அப்பா, கிராஃபீன்னா நோபல் பரிசு வாங்குன சமாச்சாரம். எஃகைவிட பலம்னு படிச்சிருக்கேன். அது எப்படிப்பா விலை கம்மியா இருக்கும்?”

அப்பா பதில் சொல்லவில்லை. வண்டியின் சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கிறார். கறுப்புப் பெட்டிகள் ஐந்து வரிசையாக இருக்கின்றன. ஒன்றை லேசாக அசைத்துப் பார்க்கிறார். “ஏங்கண்ணு, இது நம்ம லாரி பேட்டரியோட தம்பி மாதிரியில்ல இருக்குது?”

மகள் சொன்னதும் சரி. அப்பா சொன்னதும் சரி. ஒரே பேட்டரியைப் பற்றி இரண்டும் எப்படிச் சரியாகும்? பென்சிலிலிருந்து தொடங்கினால் புரிந்துவிடும்.

பென்சிலுக்குள் 30 லட்சம் தாள்

பென்சிலின் கறுப்பு முனையில் இருப்பது கிராஃபைட். அது கார்பன். கார்பன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகள்போல அறுகோணமாகக் கைகோத்து ஒரு தாளாகின்றன. அப்படிப்பட்ட தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுதான் கிராஃபைட். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் தாள்கள் இருக்கும்! நாம் எழுதும்போது இந்த அடுக்குகளில் சில வழுக்கிக்கொண்டு காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் எழுத்து.

இந்த அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளைத் தனியே உரித்தெடுத்தால் அதற்குப் பெயர் கிராஃபீன்.

சொல்ல எளிது. செய்வது கடினம் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 2004-ம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் அதைச் செய்து காட்டினார்கள். பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? நம் வீட்டில் பார்சல் ஒட்டும் செலோ டேப்! கிராஃபைட்டில் டேப்பை ஒட்டி, உரித்து, அதையே மறுபடி மறுபடி மடித்து உரித்து, கடைசியில் ஓர் அணு கனமே உள்ள தாளுக்கு வந்து சேர்ந்தார்கள். 2010-ல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தாள் மின்சாரத்தை அபாரமாகக் கடத்தும், வெப்பத்தையும் கடத்தும், இழுத்தால் சுலபத்தில் கிழியாது. இன்னொன்று, அதன் பரப்பு. ஒரே ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கங்களையும் சேர்த்து விரித்தால் 2,630 சதுர மீட்டர். நம் கணக்கில் 65 சென்ட் நிலம்! இந்த 65 சென்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பேட்டரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கையில் இருக்கும் போனின் லித்தியம் பேட்டரிக்குள் ஏற்கெனவே கிராஃபைட் இருக்கிறது. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து கிளம்பி, கிராஃபைட் மின்முனையின் தாள்களுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது அங்கிருந்து கிளம்பித் திரும்பிப் போகின்றன. காலையில் ஊரைவிட்டுக் கிளம்பி சாயங்காலம் திரும்பும் டவுன் பஸ் மாதிரி.

ஆனால் பஸ்ஸில் சீட் குறைவு. கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம்தான் உட்கார முடியும். கணக்குப் போட்டால் ஒரு கிராம் கிராஃபைட்டில் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னேற்றம் நிற்கும். அதற்கு மேல் இடமில்லை.

இடம் அதிகம் உள்ள பொருள் ஒன்று இருக்கிறது. அது சிலிக்கான். ஒரு கிராமில் சுமார் 3,579 மில்லி ஆம்பியர் மணி. கிட்டத்தட்ட பத்து மடங்கு! ஆனால் அதில் ஒரு சிக்கல். லித்தியம் உள்ளே போனதும் சிலிக்கான் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல உப்புகிறது. கடலையாவது இரண்டு மடங்கோடு நின்றுவிடும். சிலிக்கானின் கன அளவு மூன்று மடங்கையும் தாண்டிவிடும். லித்தியம் வெளியே வந்தால் மறுபடி சுருங்கும். நாலு முறை உப்பிச் சுருங்கினால் வெடித்துத் தூளாகி, மின்முனையிலிருந்து உதிர்ந்துவிடும்.

இங்கேதான் கிராஃபீன் வருகிறது. சிலிக்கான் துகள்களை வளையக்கூடிய, கிழியாத, மின்சாரம் கடத்தும் ஒரு தாளில் பொட்டலம் கட்டிவிட்டால்? உள்ளே துகள் உப்பினாலும் தாள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்சாரத்துக்கும் வழி இருக்கும். கந்தகம், டின் ஆக்ஸைடு என்று வேறு பல பொருள்களையும் இதேபோல கிராஃபீனில் பொதிந்து வைத்து உலகம் முழுக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

யோசனை பிரமாதம். ஆனால் கிராஃபீன் அவ்வளவு சுலபத்தில் ஒத்துழைக்காது.

முட்டை அட்டை பிரச்னை

எருமப்பட்டி பக்கம் பண்ணை வேலை பார்க்கும் யாருக்கும் இது தெரியும். 30 முட்டை பிடிக்கும் காலி அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும்? ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக இறங்கி உட்கார்ந்துவிடும். நிறைய அட்டைகள் கொஞ்ச உயரத்துக்குள் அடங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் பட்டுவிட்டால் ஒன்றைப் பிரித்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதே அட்டைகளில் முட்டை வைத்து அடுக்கினால்? ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடைவெளியோடு நிற்கும்.

கிராஃபீன் தாள்களும் காலி அட்டைகள் மாதிரிதான். கஷ்டப்பட்டுப் பிரித்தெடுத்தாலும், சும்மா விட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி மறுபடி கிராஃபைட்டாகவே ஆகிவிடப் பார்க்கும். 65 சென்ட் நிலம் மடிந்து மடிந்து கையளவாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பேட்டரி மின்முனை செய்யும்போது பொருள்களைப் பசையோடு கலந்து, தோசை மாவு பதத்தில் கரைத்து, மெல்லிய செப்புத் தகட்டின்மேல் பூசிக் காயவைப்பார்கள். வெறும் கிராஃபீனுக்குத் தண்ணீர் ஆகாது. கொதிநீரில் கொட்டிய கேழ்வரகு மாவு மாதிரி கட்டி தட்டிவிடும். கட்டி தட்டிய மாவில் தோசை எப்படி வருமோ, அப்படித்தான் மின்முனையும் வரும்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் சேர்த்துக் கண்டுபிடித்த மருந்துதான் மேற்பரப்பு மாற்றம். தாளின் மேல்பக்கத்திலும் ஓரங்களிலும் ஆங்காங்கே வேறு அணுக்களை, வேறு மூலக்கூறுகளை ஒட்டவைப்பது. ஆக்ஸிஜன் சேர்ந்த குழுக்களை ஒட்டினால் தாள் தண்ணீரில் கரைசலாக நிற்கும். சில கார்பன் அணுக்களை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தால், மின்கடத்தல் மேம்படும். லித்தியம் வந்து பிடித்துக்கொள்ளக் கொக்கி மாதிரி இடங்களும் கிடைக்கும். மின்னேற்றம் உள்ள பாலிமரைப் பூசினால், எதிர் மின்னேற்றம் உள்ள துகள்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அட்டைக்கு நடுவே முட்டை வந்துவிட்டது!

இதில் அளவுதான் முக்கியம். சாம்பாரில் உப்பு மாதிரி. ஆக்ஸிஜன் கொஞ்சம் இருந்தால் நன்றாகக் கரையும். அதிகமானால் கிராஃபீன் மின்சாரம் கடத்துவதையே மறந்துவிடும். முழுக்க முழுக்க ஆக்ஸிஜன் ஏறிய கிராஃபீன் ஆக்ஸைடு, மின்சாரத்தைக் கடத்தாத பொருள். எந்த கிராஃபீனை எடுத்தார்கள் என்பதைவிட, அதன் மேற்பரப்பை எப்படிப் பக்குவம் செய்தார்கள் என்பதுதான் பேட்டரியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

சிவகங்கை மண்ணிலிருந்து...

கிராஃபீனுக்கு மூலப்பொருளான கிராஃபைட்டுக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான ‘டாமின்’ கிராஃபைட் வெட்டியெடுக்கிறது. மண்ணிலிருந்து வரும் கல்லில் சராசரியாக 14 சதவிகிதம்தான் கார்பன். அதை அரைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, சுத்தமான செதில்களாக்குகிறார்கள். உலோகம் உருக்கும் மூசைகள், உலைகளுக்கான தீக்கற்கள், மோட்டார்களில் வரும் கார்பன் பிரஷ் போன்றவற்றுக்கு அது போகிறது.

இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் காரைக்குடியும் இருக்கிறது. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ‘செக்ரி’. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்டது. பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முக்கியமான ஆய்வகம். ஆக, கிராஃபைட்டும் பேட்டரி அறிவும் ஒரே மாவட்டத்தில்! ஆனால் பேட்டரிக்குப் போகும் கிராஃபைட் 99.95 சதவிகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்திகரிப்பில் உலகச் சந்தை சீனாவின் கையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் கிராஃபைட் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு போட்டபோது உலகமே பதறியது அதனால்தான். அதே ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட்டும் இருக்கிறது.

தாளை உரிப்பது எப்படி?

செலோ டேப்பில் உரித்தால் ஆராய்ச்சிக்குப் போதும். பேட்டரிக்குக் கிலோ கணக்கில் வேண்டும். அதற்கு வேதியியல்தான் வழி.

அதிகம் புழங்கும் முறைக்கு ஹம்மர்ஸ் முறை என்று பெயர். 1958-ல் வில்லியம் ஹம்மர்ஸ், ரிச்சர்ட் ஆஃபெமன் இருவரும் வெளியிட்டது. கிராஃபைட் தூளை அடர் கந்தக அமிலத்தில் போட்டு, சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்ப்பார்கள். கோழிப்பண்ணையில் ஃபார்மலினோடு சேர்த்துப் புகைபோடுவார்களே, அதே ஊதா நிற பெர்மாங்கனேட்தான். அமிலம் தாள்களுக்கிடையே நுழைந்து நெகிழ்த்துகிறது. ஆக்ஸிஜன் தாளின் மேல் ஏறிக்கொள்கிறது. தாள்கள் விலகி, பழுப்பு நிறத்தில் தண்ணீரில் கரையும் கிராஃபைட் ஆக்ஸைடு கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இது வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ முயன்று பார்க்கும் விஷயமல்ல. பெர்மாங்கனேட்டும் அடர் அமிலமும் சேர்ந்த கலவை சூடேறினால் வெடிக்கும். அதனால்தான் ஐஸில் வைத்து, துளித்துளியாகச் சேர்த்துச் செய்கிறார்கள். முடிந்த பிறகு அமிலம் போகும்வரை தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய அந்த அமிலத் தண்ணீரை என்ன செய்வது என்பது இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. சாயப்பட்டறைத் தண்ணீரைப் பார்த்த நம் பகுதிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டம், ஏறிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைத் திரும்ப இறக்குவது. ஹைட்ரஸீன் என்ற நச்சு வேதிப்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பதிலாக வைட்டமின்-சி போதும் என்று பிறகு தெரியவந்தது. அதிவேகமாகச் சூடுபடுத்துவதும் ஒரு வழி. அப்போது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் வாயுவாக வெடித்துக் கிளம்பி, தாள்களைப் பொரி மாதிரி உப்பவைத்துப் பிரித்துவிடும். நைட்ரஜன் ஏற்ற வேண்டுமானால் அம்மோனியாவோடு அல்லது யூரியாவோடு சேர்த்துச் சூடேற்றுவார்கள். ஆம், வயலுக்குப் போடும் அதே யூரியா!

அமிலத் தொல்லை குறைவான இன்னொரு வழியும் இருக்கிறது. கிராஃபைட் துண்டை அமோனியம் சல்பேட் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவது. சில நிமிடங்களில் தாள்கள் உரிந்து கரைசலில் மிதக்கத் தொடங்கும். அமோனியம் சல்பேட்டும் உரக்கடைச் சரக்குதான்.

சென்னை வெயிலில் பிறந்த கிராஃபீன்

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யின் இயற்பியல் துறையில் பேராசிரியர் எஸ்.ராமபிரபுவின் ஆய்வுக்குழு. ஆக்ஸிஜனை இறக்க ஆயிரம் டிகிரி வரை போவது வழக்கமாக இருந்தபோது, ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் 200 டிகிரியே போதும் என்று 2010-ல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு இன்னும் எளிமையான வழி. கிராஃபைட் ஆக்ஸைடை வைத்து, அதன்மேல் லென்ஸ் வழியாக வெயிலைக் குவித்தார்கள்! சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் காகிதம் கருக்கி விளையாடியிருப்போமே, அதே தத்துவம். குவிந்த வெயில் பட்டதும் பழுப்புத் தூள் உப்பிப் பிரிந்து கறுப்பு கிராஃபீனாகிவிட்டது. நச்சு வேதிப்பொருளும் வேண்டாம், உலையும் வேண்டாம்.

2012-ல் இதே குழு, சென்னையில் இயங்கும் எரிபொருள் மின்கல ஆய்வு மையத்தினரோடு சேர்ந்து பேட்டரிக்கு வந்தது. கிராஃபீன் தாளில் நேர்மின்னேற்றம் உள்ள பாலிமரைப் பூசினார்கள். கார்பன் நானோ குழாய்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் வரும்படி செய்தார்கள். இரண்டையும் கலந்தால்? காந்தம்போல ஈர்த்து, குழாய்கள் தாள்களுக்கு இடையில் போய்ப் படுத்துக்கொண்டன. தாள்கள் மறுபடி ஒட்டவில்லை. லித்தியம் போய்வர இடமும் கிடைத்தது. அதை லித்தியம் பேட்டரியின் மின்முனையாகச் சோதித்துப் பார்த்தார்கள்.

முட்டை வைத்து அடுக்கிய அட்டை என்று மேலே சொன்னது இதைத்தான்.

65 சென்ட்டின் மறுபக்கம்

இவ்வளவு நல்ல பொருள் என்றால், முழுக்க முழுக்க கிராஃபீனிலேயே மின்முனை செய்துவிடலாமே?

முடியவில்லை. காரணம், அந்த 65 சென்ட். பால் காய்ந்து ஆறும்போது மேலே ஆடை படிகிறதல்லவா? அதுபோல, லித்தியம் பேட்டரியை முதல்முறை சார்ஜ் செய்யும்போது மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அந்தப் படலத்துக்குக் கொஞ்சம் லித்தியம் செலவாகும். போன லித்தியம் திரும்ப வராது. கிராஃபைட்டில் பரப்பு குறைவு, இழப்பும் குறைவு. கிராஃபீனில் பரப்பு பல மடங்கு. ஆடை படிவதற்கே லித்தியம் நிறையப் போய்விடும். அதோடு, கிராஃபீன் பஞ்சு மாதிரி. எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். சின்னப் பெட்டிக்குள் அதிக சக்தியைத் திணிக்க வேண்டிய பேட்டரிக்கு அது சரிப்படாது. விலையோ கிராஃபைட்டைவிட மிக அதிகம்.

அதனால் தொழிற்சாலைகளில் இன்றைக்கு கிராஃபீனின் வேலை பெரும்பாலும் பெருங்காயத்தின் வேலைதான். மின்முனைக் கலவையில் கொஞ்சமாகச் சேர்த்தால், துகளுக்குத் துகள் மின்சாரப் பாதை போட்டுக்கொடுக்கும். சார்ஜ் வேகமாக ஏற உதவும். ஆனால் பெருங்காயம் போட்டதால் சாம்பார் சாம்பாராகத்தான் இருக்கும், பெருங்காயமாக மாறிவிடாது.

பெயரில் இருப்பது பொட்டலத்தில் இருக்கிறதா?

சரி, சேர்ப்பதாவது உண்மையான கிராஃபீனா?

2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். உலகம் முழுக்க 60 நிறுவனங்கள் விற்கும் ‘கிராஃபீன்’ தூளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலான மாதிரிகளில் கிராஃபீன் 10 சதவிகிதத்துக்கும் குறைவு! ஒன்றில்கூட பாதியைத் தாண்டவில்லை. மீதி பெரும்பாலும் பொடியாக்கிய கிராஃபைட். சர்வதேசத் தர வரையறையின்படி 10 அடுக்குகள் வரைதான் கிராஃபீன் குடும்பத்தில் வரும். அதற்கு மேல் போனால் பென்சில் கரியின் சொந்தக்காரன்தான்.

இதைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான கருவிகளில் ஒன்று நம் பக்கத்து ஊர்க்காரர் பெயரில் இருக்கிறது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கண்டறிந்த ‘ராமன் விளைவு’. லேசர் ஒளியைத் தூளின்மேல் அடித்து, சிதறி வரும் ஒளியை வரைபடமாக்கினால் சில சிகரங்கள் தெரியும். எத்தனை அடுக்கு, எவ்வளவு குறை, மேற்பரப்பில் எவ்வளவு மாற்றம் என்பதையெல்லாம் அந்தச் சிகரங்களின் உயரமும் வடிவமும் சொல்லிவிடும்.

கடைக்கு நாம் ராமன் கருவியோடு போக முடியாது. ஆனால் அப்பா சீட்டைத் தூக்கிப் பார்த்தாரே, அது போதும்.

அந்த ஐந்து கறுப்புப் பெட்டிகள்

சந்தையில் ‘கிராஃபீன் பேட்டரி’ என்று மெதுவேக ஸ்கூட்டர்களில் வருபவை பெரும்பாலும் லெட் ஆசிட் பேட்டரிகள்தான். லாரியில், இன்வெர்ட்டரில் இருக்கும் அதே ஈயமும் அமிலமும். பேட்டரி தண்ணி ஊற்றத் தேவையில்லாதபடி மூடி வைத்திருப்பார்கள். ஈயத் தகட்டில் கிராஃபீன் கொஞ்சம் சேர்த்திருப்பதாகச் சொல்வார்கள்.

இதை ஏமாற்று என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. லெட் ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே போட்டுவைத்தால் தகட்டில் ஈய சல்பேட் பெரிய பெரிய படிகமாகக் கட்டிவிடும். தகட்டில் வெள்ளை பூத்துவிட்டது என்று பேட்டரிக் கடையில் கைவிரிப்பது இதைத்தான். எதிர்மின் தகட்டில் சரியான கார்பனைச் சரியான அளவில் சேர்த்தால் படிகங்கள் சிறியதாகவே நிற்கும், சார்ஜ் சீக்கிரம் ஏறும், ஆயுள் கூடும். இது ஆராய்ச்சியில் உறுதியான விஷயம்.

ஆனால் அடிப்படை மாறாது. ஒரு கிலோ லெட் ஆசிட் பேட்டரி 30 முதல் 50 வாட் மணிதான் தாங்கும். உதாரணத்துக்கு, 60 வோல்ட், 32 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் மொத்தம் 1,920 வாட் மணி. கரன்ட் பில் கணக்கில் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. லெட் ஆசிட்டில் இதற்கு ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை எடை வேண்டும். லித்தியத்தில் 15 முதல் 20 கிலோவில் முடிந்துவிடும். ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. முழுக்கச் சார்ஜ் செய்து முழுக்க இறக்கினால் லெட் ஆசிட் சில நூறு முறை தாங்கும். ஸ்கூட்டர்களில் வரும் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரி ஆயிரத்தைத் தாண்டும்.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. “கிராஃபீன் இருக்கட்டும்ங்க, அடிப்படையில இது லெட் ஆசிடா, லித்தியமா?” பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 12 வோல்ட் பெட்டிகள் நாலைந்து வரிசையாக இருந்தால் லெட் ஆசிட் என்று நீங்களே ஊகிக்கலாம். லித்தியம் பெரும்பாலும் ஒரே பெட்டியாக வரும்.

2. “பேட்டரி மட்டும் எத்தனை கிலோ?” எடை பொய் சொல்லாது. மாடி வீட்டுக்குக் கழற்றித் தூக்கிப்போய் சார்ஜ் போட நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

3. “வாரன்டி எத்தனை மாதம்? எது நடந்தால் மாற்றித் தருவீர்கள்?” வண்டிக்கு ஒரு வாரன்டி, பேட்டரிக்கு வேறு வாரன்டி இருக்கும். பேட்டரியின் சீரியல் எண் பில்லில் இருக்கட்டும்.

4. “அடுத்த பேட்டரி என்ன விலை? பழையதை எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?” லெட் ஆசிட்டுக்குப் பழைய ஈயத்தின் விலை கிடைக்கும். அந்தப் பணத்தைக் கழித்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். பழைய பேட்டரியை முறையாக எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் கொடுங்கள். வீட்டுப் பக்கம் உடைத்து ஈயம் உருக்குபவர்களிடம் போனால் அந்த விஷம் நம் குழந்தைகளுக்குத்தான் திரும்பி வரும்.

5. “மோட்டார் எத்தனை வாட்?” 250 வாட்டுக்கு மிகாமல், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. அதற்கு மேல் போகும் வண்டியை ‘ஆர்.சி வேண்டாம்’ என்று விற்றால் உஷார்!

எருமப்பட்டி குடும்பம் எந்த வண்டியை எடுத்தது? அது அவர்கள் கணக்கைப் பொறுத்தது. தினமும் பண்ணைக்கும் வீட்டுக்குமாக ஏழெட்டு கிலோமீட்டர்தான், கையில் பணமும் குறைவு என்றால் அந்த ஐந்து பெட்டி வண்டியே போதும். தினமும் ராத்திரி மறக்காமல் சார்ஜ் போட வேண்டும், அவ்வளவுதான். நாமக்கல் வரை தினமும் போய்வர வேண்டும், ஐந்தாறு வருஷம் பேட்டரி பக்கமே போகக் கூடாது என்றால், கூடுதல் பணம் போட்டு லித்தியம் எடுப்பது லாபம். எதை எடுத்தாலும், லெட் ஆசிட் என்று தெரிந்து அதற்கான விலையைக் கொடுப்பது வேறு. நோபல் பரிசுப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுப்பது வேறு.

மகள் ஐந்து கேள்விகளையும் போனில் டைப் செய்து வைத்துக்கொள்கிறாள். அப்பா கடைக்காரரைப் பார்த்துச் சொல்கிறார்: “அண்ணா, தராசு இருந்தாக் கொஞ்சம் எடுங்க. ஒரு பேட்டரியை வெச்சுப் பார்த்துக்கலாம்.”